கல்வெட்டு தேடுற ஆக்களுக்கு: நூலகம் தளம் பற்றி என்ர ரிவியூ

கொழும்பு வெள்ளவத்தைல இருந்துகொண்டு ஊர்ச் சொந்தங்களின்ர விபரம் தேடுறது லேசில்ல. எங்கட வீட்டுக் கடதாசி எல்லாம் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோட போட்டுது, பிறப்புப் பதிவு, காணி உறுதி, கலியாணப் போட்டோ ஒண்டும் மிஞ்சேல்ல. அதால ரெண்டு வருசமா நான் ஆகக் கூட பாவிக்கிறது நூலகம் டொட் ஓர்க் எண்ட இணைய நூலகம் தான். 2005ல தொடங்கினது, வாசிக்க காசு ஒண்டும் கட்டத் தேவையில்ல. பழைய புத்தகம், பத்திரிகை, பள்ளிக்கூட மலர் எண்டு கனக்க கிடக்கு, ஆனா என்னை மாதிரி ஆக்களுக்கு தங்கம் எண்டா நினைவு மலர்கள் தான், செத்தவீட்டுக்குப் பிறகு செய்யிற அந்தியேட்டிக் கிரியைக்கு அடிச்சுக் குடுக்கிற அந்த கல்வெட்டுப் புத்தகம்.

எனக்கு இதில ஆகப் பிடிச்ச விசயம் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் இருக்கு. நான் ஒரு பேரையோ திகதியையோ எடுத்தா அந்த எண், மலரின்ர பேர், எத்தினையாம் பக்கம், நான் பாத்த நாள், நாலையும் கொப்பில அந்தப் பேருக்குப் பக்கத்திலயே எழுதிடுவன். அரை நிமிசம் கூட செல்லாது. கனடால இருக்கிற மச்சாள் "இது எங்க எடுத்தனி" எண்டு கேட்டா எண்ணை அனுப்பினா சரி, அவ அங்க இருந்து அதே பக்கத்தை தானே பாப்பா, என்னை நம்பவேண்டிய தேவையே இல்ல.

இது ஏன் முக்கியம் எண்டு சொல்லுறன். அம்மம்மான்ர தமையன் 1958ல செத்தவர் எண்டு தான் எங்கட குடும்ப வட்ஸ்அப்பில சுத்தின மூண்டு வம்சாவளியிலயும் இருந்தது. மூண்டிலயும் இருக்கு, அப்ப சரி எண்டு தான் நானும் நினைச்சன். பிறகு ஒவ்வொருத்தரா கேட்டுக்கொண்டு போனா இவர் அவரிட்ட எடுத்தவர், அவர் மற்றவரிட்ட எடுத்தவர், முதல் எழுதினவர் எதைப் பாத்து எழுதினவர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. மூண்டு சாட்சி இல்ல, ஒண்டு தான்!

நூலகத்தில அவரின்ர மலர் கிடைச்சுது. செத்த நாளைப் பாட்டாச் சொல்லுற திதி வெண்பால விளம்பி வருசம், தை மாசம் எண்டு கிடக்கு. விளம்பி பிறந்தது 1958 சித்திரைல, அப்ப அந்த விளம்பின்ர தை பிறக்கிறது 1959 ஜனவரி நடுவில. ஆரோ விளம்பி எண்டதை மட்டும் பாத்திட்டு 1958 எண்டு போட்டிருக்கினம். பிறகு டெத் சேர்ட்டிபிக்கேட் கொப்பி எடுத்துப் பாத்தன், 1959 ஜனவரி தான். இன்னொண்டு, விளம்பி 60 வருசத்துக்கு ஒருக்கா வரும், 1898லயும் வந்தது 2018லயும் வந்தது, அதால வருசப் பேரை இங்கிலீஷ் வருசமா மாத்தேக்க வெண்பால இருக்கிற சொல்லை அப்பிடியே எழுதி வச்சிட்டு பக்கத்தில நீங்கள் கணக்குப் பாத்ததை எழுதுங்கோ, பிழை எண்டா பிறகு வாற ஆள் திருத்தலாம்.

அதுக்காக மலரில இருக்கிறதெல்லாம் வேதவாக்கு இல்ல. செத்தவீட்டு அலுப்புக்குள்ள ஒரு மாசத்தில பிள்ளையள் அடிச்சது, செத்த நாள் சரியா இருக்கும், தகப்பன் பிறந்த நாளை அவை கண்டவையோ? அம்மம்மான்ர தமையனுக்கு மலரில ஒரு பிறந்த வருசம், சேர்ட்டிபிக்கேட்டில இருக்கிற வயசைக் கழிச்சா வேற வருசம் வருது. நான் ரெண்டையும், எது எங்க இருந்து வந்தது எண்டு போட்டு, வச்சிருக்கிறன்.

தேடேக்க பேரை ரெண்டு மூண்டு விதமா எழுதிப் பாருங்கோ, தலைக்கெழுத்தோடயும் இல்லாமலும். மலர்களில உயிரோட இருக்கிற பேரப்பிள்ளையளின்ர பேரும் வரும், அதை கேக்காம ஒரு இடமும் போடாதேங்கோ.

இன்னொரு விசயம், மலரின்ர கடைசிப் பக்க நன்றியை தயவுசெய்து வாசியுங்கோ. வம்சாவளி தொகுத்தவர் இன்னார் எண்டு சின்ன எழுத்தில இருக்கும், அந்த மனுசன் சைக்கிள்ல வீடு வீடா போய் கேட்டு எழுதினதா இருக்கும். நான் அந்தப் பேரை கட்டாயம் போடுவன். போன வருசம் நான் சேத்த 140 பேர் இருக்கிற வம்சாவளியை ஒரு சொந்தக்காரர் அப்பிடியே எடுத்து தங்கட மலரில அடிச்சிட்டார். என்ர பேர் போகட்டும், அதில அரைவாசி 86 வயசு மாமி ஒராள் கிழமைக் கிழமை போனில ஞாபகப்படுத்திச் சொன்னது. மலர் கையில வந்தோண்ண முதல் பக்கத்தில இருந்து கடைசி வரைக்கும் விரலால தடவித் தடவிப் பாத்திட்டு "என்ர பேர் எங்க பிள்ளை?" எண்டு கேட்டா. எனக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்ல.

அஞ்சுக்கு அஞ்சு தான் குடுப்பன். எங்கட அப்பப்பான்ர மலர் ஒரே ஒரு கொப்பி பெரியப்பா வீட்டு அலுமாரில கிடந்தது, ஸ்கான் பண்ணி வச்சிருக்கிறன், இந்தக் கிழமை நூலகத்துக்கு அனுப்பப் போறன். மாமி சொன்ன திருத்தங்கள தனியா ஒரு தாளில, அவவின்ர பேரும் சொன்ன திகதியும் போட்டு, அதோட சேத்து வைக்கிறன்.