நாடக வாரம்: கேட்கத் தெரிந்த நடிகர்களும் கேளாத நடிகர்களும்

பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வருகிறவர்களைக் கொண்ட குழுக்கள், நடுத்தர அளவுள்ள ஒரு நகரத்தில் ஒரே வாரத்துக்குள் அடுத்தடுத்து நாடகம் போடும்போது, மேடை வசதியை வைத்தோ செலவை வைத்தோ அவற்றை மதிப்பிடுவது முறையாகாது. இந்த வாரத்து நாடகங்களைத் தொடர்ந்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான். எதிரே நிற்பவர் பேசுவதை நடிகர் உண்மையாகவே காதில் வாங்கிய இடங்களில் நாடகம் எழும்பியது; தன் வசனத்துக்கான முறை எப்போது வரும் என்று அவர் காத்திருந்த இடங்களில் சரிந்தது.

அந்த வகையில் வாரத்தின் ஆகச் சிறந்த நிகழ்வு சோஃபக்ளிஸின் ‘அன்டிகனி’. கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் நிகழ்த்தப்பட்டதாகக் கருதப்படும் இந்த நாடகம், அரசன் கிரேயனின் தடையை மீறி உடன்பிறந்தவனின் உடலுக்கு மண் போடுகிற ஒரு பெண்ணைப் பற்றியது. அந்நாளில் பேசும் பாத்திரங்கள் அனைத்தையும் 3 நடிகர்களே முகமூடி மாற்றி ஏற்றார்கள். கூடவே 15 பேர் கொண்ட கோரஸ், அதாவது ஒன்றாகப் பேசியும் பாடியும் வரும் குழு, இருந்தது. இந்தக் குழு கோரஸை ஐந்து பேராகச் சுருக்கிக்கொண்டாலும் மூன்று நடிகர் ஏற்பாட்டை அப்படியே கைக்கொண்டது. அதனால் அன்டிகனியாக நடித்த பெண்ணே, அவள் குகையில் அடைக்கப்பட்ட பிறகு, பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸாக வந்து அதே அரசன் முன் நின்றார். அவன் கேட்க மறுத்துத் தண்டித்த குரலே மறுபடியும் அவனை எச்சரிக்க வந்ததுபோல் ஆயிற்று. ஆள் பற்றாக்குறைக்காகச் செய்த ஏற்பாடாக இது எங்கும் தோன்றவில்லை. நாடகத்தின் வாதத்தையே இது கூர்மைப்படுத்தியது.

கிரேயனாக நடித்தவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிணத்தை யாரோ புதைத்துவிட்டதாகச் செய்தி கொண்டுவரும் காவலன், உயிருக்குப் பயந்து விஷயத்துக்கு வராமல் சுற்றி வளைத்துப் பேசுகிற காட்சியில், இவர் அவனைப் பார்க்காமல் விரலில் இருந்த மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். சொல்ல வேண்டியதை அவன் ஒருவழியாகச் சொன்னதும் மோதிரம் நின்றது. கை அசையவில்லை, முகம் மாறவில்லை. அடுத்த வசனத்தை அவர் தொடங்குவதற்குள்ளேயே அரசனின் பயம் கடைசி வரிசை வரை வந்து சேர்ந்துவிட்டது. குறை என்று சொன்னால், ஐவர் கோரஸ் ஒன்றாகப் பேசிய பகுதிகளில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெளிவிழந்தன. சில வரிகளை ஒரே குரலுக்குக் கொடுத்திருக்கலாம்.

இப்சனின் ‘பொம்மை வீடு’ பாதி வெற்றி. 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் முதன்முதலாக மேடையேறிய இந்த நாடகத்தின் பலம் முழுவதும் கடைசி உரையாடலில் இருக்கிறது: கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, மணமான இத்தனை ஆண்டுகளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை முழுமையாகப் பேசுகிறார்கள். நோராவாக நடித்தவர் ஒவ்வொரு பதிலுக்கும் இடம் கொடுத்து, அதற்குப் பிறகே அடுத்த சொல்லை எடுத்தார். கணவராக நடித்தவரோ அவருடைய வாக்கியம் முடியும் முன்பே தன் வசனத்துக்குப் பாய்ந்ததால், காட்சி இருவருக்கிடையில் நிகழாமல் ஒருவரிடமே தங்கிவிட்டது. அதைவிட வருத்தம் தந்தது இறுதிக் கதவோசை. கணவனையும் வீட்டையும் விட்டுப் போகும் நோரா மேடையின் இடப்பக்கமாக வெளியேறினார். கதவு அறையும் சத்தமோ பதிவு செய்யப்பட்டதாய்த் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. நோரா வெளியேறும் காட்சியில் நடிக்க 1880இல் ஜெர்மனியில் ஒரு முன்னணி நடிகை மறுத்ததால், அவள் வீட்டிலேயே தங்கிவிடுவதாக வேறொரு முடிவை இப்சனே எழுதிக்கொடுக்க நேர்ந்தது. அதை நாடகத்துக்கு இழைக்கப்பட்ட காட்டுமிராண்டித்தனம் என்றே அவர் கருதினார். அத்தனை கனமான வெளியேற்றத்துக்கு, பக்கத் திரைக்குப் பின்னால் உண்மையான ஒரு மரக்கதவை நிறுத்தி அறைந்திருக்க வேண்டும்.

பெக்கெட்டின் ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தை எடுத்த இளைஞர்களிடம் துணிச்சலும் உடல் பயிற்சியும் இருந்தன. தொப்பிகளை மாற்றி மாற்றி அணியும் காட்சி துல்லியமாக அமைந்தது. லக்கி என்னும் பாத்திரத்தின் நீண்ட பேச்சு மூச்சுத் திணறாமல், பொருள் சிதறுவது மட்டும் நமக்குத் தெரியும்படி வந்தது. ஆனால் பெக்கெட் எழுத்திலேயே குறித்துவைத்த மௌனங்களைப் பலவிடங்களில் அவர்கள் அவசரமாகக் கடந்தார்கள். பார்வையாளர்கள் சலித்துவிடுவார்களோ என்ற அச்சம் தெரிந்தது. அந்த அரங்கில் யாரும் சலிக்கவில்லை. இன்னும் நம்பிக்கையோடு நிறுத்தியிருக்கலாம்.

வாரத்திலேயே அதிகச் செலவில் தயாரான சரித்திர நாடகத்தைக் குறித்துச் சொல்ல அதிகமில்லை. எல்லா நடிகர்களுக்கும் காலர் மைக் மாட்டியிருந்ததால், எல்லாக் குரல்களும் ஒரே பெட்டியிலிருந்து வந்தன. கூட்டமான காட்சிகளில் யார் பேசுகிறார் என்பதை வாயசைவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சத்தத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும் என்றானதும் நடிகர்கள் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்புவதையே விட்டுவிட்டார்கள். சில நூறு இருக்கைகள் கொண்ட அரங்கில், குரல் பயிற்சி பெற்றவர்களுக்கு இந்தக் கருவி தேவையே இல்லை.

ஏற்பாட்டாளர்கள் நாடகங்களை அறிவித்த நேரத்துக்குத் தொடங்கியது பாராட்டுக்குரியது. தாமதமாக வந்தவர்களை டார்ச் வெளிச்சத்தோடு நடுவரிசை வரை அழைத்துவந்ததைத் தவிர்த்திருக்க வேண்டும். ‘அன்டிகனி’யின் தொடக்கத்தில் இரு சகோதரிகள் இரகசியமாகப் பேசும் காட்சி அதனால் பாதி தொலைந்தது. அச்சிட்ட தாளில் ஒளியமைத்தவர், மேடை அமைத்தவர் பெயர்கள் விடுபட்டிருந்ததும் சரியில்லை.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, ஒவ்வொரு நாடகத்தையும் ஒரே ஒரு மாலை மட்டும் நிகழ்த்துகிற ஏற்பாடு. செகாவின் ‘கடற்பறவை’ 1896இல் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் இரவிலேயே கேலிக்கு ஆளானது. 1898இல் மாஸ்கோ கலை அரங்கு கூடுதல் ஒத்திகையோடு அதே நாடகத்தைப் போட்டபோது பெரும் வரவேற்புப் பெற்றது. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த ஒரு குழுவுக்கு, பார்வையாளர்கள் முன்னால் நின்று தன் பிழையைக் கண்டுகொள்ளவும் மறுநாள் திருத்திக்கொள்ளவும் வாய்ப்பு வேண்டும். பெக்கெட் இளைஞர்கள் இரண்டாம் இரவில் அந்த மௌனங்களை நிச்சயம் பிடித்திருப்பார்கள். அடுத்த ஆண்டு நாடகங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு மாலைகளில் நிகழ்த்த ஏற்பாட்டாளர்கள் முன்வர வேண்டும். அதற்காகக் கட்டணத்தைச் சற்று உயர்த்தினாலும் நான் மகிழ்ச்சியோடு கொடுப்பேன்.