சங்காவின் கடையில் மிளகு நண்டு

கொழும்புக் கோட்டையில், பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் இருக்கும் மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்புக்கு நான் போனது முதலில் நண்டுக்காக இல்லை, கிரிக்கெட் வீரர் குமார் சங்கக்காரவுக்காக. அவரும் மஹேல ஜயவர்தனவும் சமையல் கலைஞர் தர்ஷன் முனிதாசவோடு சேர்ந்து 2011இல் திறந்த கடை. அப்போது இரண்டு பேரும் இன்னும் இலங்கை அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நம் களப்புகளில் பிடிபடும் பெரிய நண்டெல்லாம் பல காலமாக சிங்கப்பூருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, அதைக் கொழும்பு மேசைக்குத் திருப்பிக் கொண்டுவந்ததற்கே இவர்களைக் கும்பிடலாம். அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு கிலோ வரை, நிறையைச் சொல்லித்தான் நண்டு கேட்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்த எதையும் சமைப்பதில்லை என்பது கடையின் கொள்கை, சதையின் இனிப்பிலேயே அது தெரிகிறது. நாங்கள் மூன்று பேர், ஒன்று மிளகில், ஒன்று பூண்டு மிளகாயில் எடுத்தோம். பூண்டு மிளகாய் நண்டு நல்லது, ஆனால் மிளகு நண்டு வேறு ரகம். இடித்த மிளகும் முழு மிளகும் சேர்ந்த அந்தச் சாறு தொண்டையில் மெதுவாக ஏறி நிற்கும். முருங்கை இலை போட்ட எங்கள் யாழ்ப்பாண நண்டுக் கறியோடு இதை ஒப்பிடக் கூடாது, அது வேறு, இது வேறு. விலை கூடத்தான், வீட்டில் ஏதாவது விசேஷம் வந்தால் போகிற இடம்.

சாப்பிடும்போது பேச்சு எங்கே போகும்? 2006, கொழும்பு எஸ்எஸ்சி மைதானம், தென்னாபிரிக்காவுக்கு எதிராக 14 ஓட்டங்களுக்கு 2 விக்கெட் விழுந்த பிறகு இதே இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த 624. சங்கா 287, மஹேல 374. டெஸ்டில் எந்த விக்கெட்டுக்கும் அதைவிடப் பெரிய இணைப்பாட்டம் இல்லை. அந்த இணை இன்னும் ஒரு கடையில் சேர்ந்து நிற்கிறது என்பதே எனக்கு ஒரு சந்தோஷம்.

சங்காவின் கடைசி டெஸ்ட் 2015 ஓகஸ்டில், பி. சரா ஓவலில், அதாவது சரவணமுத்து என்ற தமிழரின் பெயரில் இருக்கும், தமிழ் யூனியன் கழகத்தின் மைதானத்தில். இரண்டு இன்னிங்ஸிலும் 32, 18 ஓட்டங்கள். இரண்டு முறையும் இந்தியாவின் அஸ்வினிடம் ஆட்டமிழந்தார். முந்தைய வருடம் சிட்டகொங்கில் ஒரே டெஸ்டில் 319உம் 105உம் அடித்தவர், லோர்ட்ஸில் 147 அடித்தவர், 2015 உலகக் கிண்ணத்தில் தொடர்ந்து நான்கு சதம் அடித்தவர். 134 டெஸ்டில் 12,400 ஓட்டங்கள், சராசரி 57.40, 11 இரட்டைச் சதங்கள். அவுஸ்திரேலியாவின் பிரட்மனுக்கு மட்டும்தான் அதைவிடக் கூட, 12. ஒன்றே ஒன்றுதான் குறை, இன்னும் ஒரு தொடர் ஆடியிருக்கலாமே என்று அன்றைக்கு மனது கிடந்து அடித்தது, இப்போதும் ஆறவில்லை. கை இன்னும் நன்றாக வரும்போதே மட்டையை வைத்த மனிதர் என்று யோசித்தால் மதிப்புத்தான் கூடுகிறது.

எனக்கு அவரைப் பிடிப்பதற்கு ஓட்டங்கள் மட்டும் காரணமில்லை. 83 கலவரத்தின்போது கண்டியில் அவருடைய பெற்றோர் தமிழ் நண்பர்களை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியதை 2011இல் லோர்ட்ஸில் ஆற்றிய உரையில் அவரே சொன்னார். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அவர் சங்கக்கார இல்லை, சங்கா.

சரி, போகிறவர்களுக்கு: முன்கூட்டியே மேசை பதிவு செய்யுங்கள். கழுத்தில் கட்டத் துணி தருவார்கள், இருந்தாலும் வெள்ளைச் சட்டை வேண்டாம். மிளகு நண்டோடு கடைப் பாண் கேளுங்கள், சாற்றைக் கோப்பையில் விட்டுவிட்டு எழும்பாதீர்கள், ஒரு பாண் போதாது, இரண்டாவதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.