நான்கா, பன்னிரண்டா? கன்ட்ரோலர் சென்சிட்டிவிட்டி குறித்து ஒரு வீட்டுச் சண்டை

எங்கள் வீட்டில் பிளேஸ்டேஷன் ஒன்று, ஆடுகிறவர்கள் இருவர். கால் ஆஃப் டியூட்டி என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் நான் சென்சிட்டிவிட்டியை, அதாவது கட்டைவிரல் ஸ்டிக்கைச் சாய்த்தால் பார்வை எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பதற்கான எண்ணை, 4-இல் வைத்திருந்தேன். அக்கா மகன் 12-இல் வைப்பான். அவன் எழுந்துபோன பிறகு எண்ணை மாற்ற மறந்து நான் உட்கார்ந்தால், ஸ்டிக்கைத் தொட்ட மாத்திரத்தில் துப்பாக்கி வானத்தைப் பார்க்கும். என் எண்ணில் அவன் மாட்டிக்கொண்டால், "மாமா, இது துப்பாக்கியா, மாட்டு வண்டியா?" என்பான். இருவரும் தத்தம் எண்ணே சரி என்று சாதித்தோம். கடைசியில், இரண்டு வாரம் அவன் எண்ணில் நான் ஆடுவது, என் எண்ணில் அவன் ஆடுவது என்று ஒப்பந்தம் ஆனது. கீழே இருப்பது அந்த இரண்டு வாரமும், அதன் பிறகு கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்ததும்.

முதலில் அந்த எண் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மவுஸை இரண்டு அங்குலம் நகர்த்தினால் குறி அதற்கேற்ற தூரம் நகர்ந்து நின்றுவிடும். ஸ்டிக் அப்படிப்பட்டதன்று. அதைச் சாய்ப்பது தூரத்தைத் தீர்மானிப்பதில்லை, வேகத்தைத் தீர்மானிக்கிறது. சாய்த்துப் பிடித்திருக்கும்வரை பார்வை சுழன்றுகொண்டே இருக்கும். மவுஸ் அகப்பை என்றால் ஸ்டிக் குழாய். அகப்பையால் அள்ளினால் அளவு கையிலேயே தெரியும். குழாயில் டம்ளரை நிரப்ப வேண்டுமானால் எவ்வளவு திறந்தோம் என்பதோடு எப்போது மூடினோம் என்பதும் சேர்ந்தே கணக்கு. சென்சிட்டிவிட்டி எண்ணை ஏற்றுவது தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்டுவது. டம்ளர் சீக்கிரம் நிரம்பும், தரையும் நனையும்.

இந்த எண்களுக்கு நிலையான அளவு எதுவும் கிடையாது. கால் ஆஃப் டியூட்டியின் 2019 மாடர்ன் வார்ஃபேரில் அளவுகோல் 1 முதல் 20 வரை. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் என்ற இன்னொரு சுடும் ஆட்டத்தில் 1 முதல் 8 வரை. ஒன்றின் 6-ஐ மற்றொன்றில் 6 என்று வைத்தால் அது தற்செயலாகப் பொருந்தினால்தான் உண்டு. அளந்து பார்க்க எளிய வழி: ஆட்டத்தில் ஒரு கம்பத்துக்கு நேராக நின்று, ஸ்டிக்கை விளிம்புவரை தள்ளிப் பிடித்து, ஐந்து முழுச் சுற்றுக்கு ஆகும் நேரத்தைக் கைபேசியில் குறியுங்கள். 1800-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் நொடிக்கு எத்தனை பாகை என்று கிடைக்கும். ஓர் ஆட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச்செல்லக்கூடியது அந்த எண்தான். ஏபெக்ஸ் போன்ற ஆட்டங்களில் ஸ்டிக் விளிம்பைத் தொட்டதும் கூடுதல் வேகம் சேர்வதுண்டு, ஆகவே இந்த அளவு சற்றுப் பெருக்கிக் காட்டும். பரவாயில்லை, ஒப்பிடுவதற்கு அது போதும்.

மெதுவான பக்கம்

பேச்சு வசதிக்கு மெதுவான அமைப்பை நொடிக்கு 120 பாகை என்றும், வேகமானதை 360 பாகை என்றும் வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் அகலமுள்ள எதிரி 5 மீட்டரில் நின்றால் நம் பார்வையில் அவன் அகலம் கிட்டத்தட்ட 5.7 பாகை. 20 மீட்டரில் 1.4 பாகை. 50 மீட்டருக்குப் போனால் 0.6 பாகைதான்.

இப்போது கட்டைவிரலுக்கு வருவோம். சரியான கணத்தில் ஸ்டிக்கை விடாமல் 20 மில்லிநொடி தாமதித்துவிட்டோம் என்று வையுங்கள். முழுச் சாய்வில் 120-இல் குறி 2.4 பாகை தாண்டிவிடும். 360-இல் 7.2 பாகை. முதலாவது, அருகில் நிற்பவனின் மார்பைக் குறிவைத்தது தோளில் படுவது போன்ற பிழை. இரண்டாவது, அவனுக்குப் பக்கத்துச் சுவரைச் சுடுவது. முழுச் சாய்வில் யாரும் குறிவைப்பதில்லை, பாதிச் சாய்வில்தான் வைப்பார்கள் என்று அக்கா மகன் வாதிட்டான். உண்மைதான். ஆனால் நடுவிலிருந்து விளிம்புவரை கட்டைவிரல் நகரும் தூரமே ஒரு சென்டிமீட்டருக்குள். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் பூஜ்யம் முதல் உச்சம்வரை எல்லா வேகங்களும் அடங்கியாக வேண்டும். உச்சத்தை மூன்று மடங்கு ஆக்கினால், பயனுள்ள நுண்ணிய வேகங்களுக்குக் கிடைக்கும் இடம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும்.

இதைக் கணக்கில் பார்ப்பதற்கு முன்பே விரல் சொல்லிவிட்டது. அவனுடைய 12-இல் ஆடிய முதல் மூன்று நாள்களும் எதிரியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறிச் சுட்டேன். நடுவில் இருந்த எதிரி நிதானமாக என்னைச் சுட்டான்.

வேகமான பக்கம்

வேகத்துக்காகச் சொல்லப்படும் முதல் காரணம்: முதுகில் சுட்டால் திரும்ப வேண்டாமா? அரைச் சுற்றுக்கு 120-இல் ஒன்றரை நொடி, 360-இல் அரை நொடி. கேட்டவுடன் வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் கால் ஆஃப் டியூட்டியில் பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் பல துப்பாக்கிகள் ஒருவனைச் சாய்க்க அரை நொடிகூட எடுப்பதில்லை. அடி விழுந்ததை உணர்ந்து விரல் அசையவே நமக்கு ஏறத்தாழ கால் நொடி ஆகும். அதோடு திரும்பும் அரை நொடியைச் சேர்த்தால் முக்கால் நொடி. பின்னால் இருப்பவன் குறி தவறாதவன் என்றால் 120-இலும் செத்தோம், 360-இலும் செத்தோம். வேகமான எண் வைத்திருந்தவர் செத்து விழும்போது எதிரியின் முகத்தைப் பார்த்திருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். அவன் தடுமாறிச் சுடும்போது மட்டுமே அந்த வேகம் உயிரைக் காப்பாற்றுகிறது. அப்படிச் சில முறை நடக்கவும் செய்தது. மறுக்கவில்லை.

ஏபெக்ஸிலும் ஹேலோவிலும் கதை வேறு. அங்கே உயிருக்கு மேலே கவசமும் உண்டு. ஒருவனை வீழ்த்த ஓரிரு நொடிகள் தொடர்ந்து சுட வேண்டும். முதுகில் இரண்டு தோட்டா வாங்கிய பிறகும் திரும்பிச் சண்டையிட நேரம் இருக்கிறது. எதிரி சறுக்கிக்கொண்டும் குதித்துக்கொண்டும் தலைக்கு மேலே தாவும்போது அவனைத் தொடர்ந்து குறியில் வைத்திருப்பதே ஆட்டம். ஓவர்வாட்ச் ஆட்டத்தில் டிரேசர் என்ற பாத்திரம் கண்முன்னே மறைந்து முதுகுப்புறம் தோன்றுவாள். அங்கே 120 பாகை என்பது சரணடைந்துவிட்டேன் என்று வெள்ளைக்கொடி காட்டுவதற்குச் சமம்.

ஆகவே "எவ்வளவு சென்சிட்டிவிட்டி நல்லது?" என்று கேட்பதற்கு முன்பு "இந்த ஆட்டத்தில் சாக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்க வேண்டும். சீக்கிரம் சாகும் ஆட்டத்தில், எதிரி எங்கே வருவான் என்று ஊகித்து அங்கே முன்கூட்டியே குறியை வைத்துக்கொண்டு நகர்கிறவன் வெல்கிறான். அவனுக்குப் பெரிய திருப்பங்கள் தேவைப்படுவதில்லை. மெதுவாகச் சாகும் ஆட்டத்தில் திரும்பத் தெரிந்தவன் வெல்கிறான். எங்கள் சண்டையில் பாதி இங்கேயே தீர்ந்தது. அவன் ஏபெக்ஸில் பழகிவந்தவன். அந்தப் பழக்கத்தைக் கால் ஆஃப் டியூட்டிக்குள்ளும் கொண்டுவந்திருந்தான்.

ஓர் எண் என்று ஏன் நினைக்கிறோம்?

மீதிப் பாதி, நாங்கள் இருவருமே தவறான இடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம் என்பதால் வந்தது. வெறுமனே சுற்றிப் பார்க்கும் வேகமும், எல்2 பொத்தானை அழுத்திக் குறி பார்க்கும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டாவதற்குத் தனிப் பெருக்கெண் இருக்கிறது. சிறிய உருப்பெருக்கத்துக்கு ஒன்று, தொலைநோக்கிக்கு ஒன்று என்று பிரித்தும் வைக்கலாம். சுற்றும் வேகத்தை 7-இல் வைத்து, குறி பார்க்கும் பெருக்கெண்ணை 0.80-க்கு இறக்கினால், திரும்பும்போது அவன் பக்கத்து வசதியும் சுடும்போது என் பக்கத்து வசதியும் கிடைக்கின்றன. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கை மறக்காது என்று 1.00-இலேயே விட்டுவிடுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. எல்2-ஐ அழுத்துவது விரலுக்குத் தெரிந்த செயல். அத்துடன் வேகம் மாறுவதை இரண்டு மூன்று நாளில் கை கற்றுக்கொள்கிறது.

இதைவிடப் பெரியது வளைகோடு. ஸ்டிக்கின் சாய்வு வேகமாக மாறும் விதத்தை அது தீர்மானிக்கிறது. 2019 மாடர்ன் வார்ஃபேரில் மூன்று வகை உண்டு: ஸ்டாண்டர்ட், லீனியர், டைனமிக். லீனியரில் பாதி சாய்த்தால் பாதி வேகம், கால் சாய்த்தால் கால் வேகம். ஒளிவுமறைவில்லை. ஸ்டாண்டர்டில் நடுப்பகுதி மந்தமாக இருந்து விளிம்பை நெருங்கும்போது சட்டென ஏறும். டைனமிக், தலைகீழ் எஸ் எழுத்தைப் போல வளைந்து வரும். ஏபெக்ஸிலும் இத்தகைய தெரிவுகள் உண்டு. "நான்கு–மூன்று, லீனியர்" (சுற்றிப் பார்க்க 4, குறி பார்க்க 3) என்பது அந்த ஆட்டக்காரர்களிடையே ஒரு மந்திரம் போல உச்சரிக்கப்படும் அமைப்பு. ஃபோர்ட்நைட்டில் லீனியரா, மெதுவாகத் தொடங்கி விளிம்பில் வேகமெடுக்கும் எக்ஸ்போனென்ஷியலா என்று கேட்பார்கள்.

இங்கே என் தீர்ப்பு சற்றுக் கடுமையானது. மெதுவான எண்ணுடன் ஸ்டாண்டர்ட் வளைகோட்டைச் சேர்ப்பது வீண். ஏற்கெனவே மந்தமான நடுப்பகுதியை மேலும் மந்தமாக்குகிறீர்கள். கொஞ்சம் சாய்த்தால் அசையாது, இன்னும் கொஞ்சம் சாய்த்தால் பாய்ந்துவிடும். என்னுடைய 4 மாட்டு வண்டியாக இருந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான், எண் மட்டுமல்ல. வேகமான எண்ணுடன் லீனியர் சேர்ந்தால் நேர்மாறு: விரல் நடுங்கினாலும் அது திரையில் தெரியும். நல்ல விரல் உள்ள இளைஞர்களுக்கு அது ஆயுதம். நாற்பதைத் தாண்டி, நாள் முழுவதும் கணினியில் தட்டச்சு செய்துவிட்டு வருகிறவனுக்கு அது வைத்தியச் செலவு. டைனமிக் எனக்கு ஒத்துவந்தது. அவன் லீனியரை விடவில்லை.

இடது கட்டைவிரல்

குறிவைப்பதை வலது ஸ்டிக்கின் வேலை என்றே எல்லோரும் எண்ணுகிறோம். ஆனால் பக்கவாட்டில் நடப்பதும் குறியை நகர்த்துகிறது. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் நகர்ந்தால், 5 மீட்டரில் இருப்பவன் பார்வையில் நொடிக்கு ஏறக்குறைய 46 பாகை நகர்கிறான். 50 மீட்டரில் 4.6 பாகை. எந்த வலது ஸ்டிக்காலும் எளிதில் தர முடியாத நுண்மை அது. தொலைவில் இருப்பவனுக்கு அரை பாகை தவறியிருந்தால் வலது விரலை அசைக்காமல் ஒரு காலடி நகர்வது சிக்கனமான வழி. குறிவைக்க ஆட்டமே கொடுக்கும் உதவியான எய்ம் அசிஸ்ட்டும் இதற்குத் துணை வருகிறது: கால் ஆஃப் டியூட்டியில் எதிரியோடு சேர்ந்து குறியைச் சற்றே திருப்பிவிடும் உதவி, பெரும்பாலும் இடது ஸ்டிக் அசையும்போதுதான் வேலை செய்கிறது. நின்ற இடத்திலேயே நின்று சுடுகிறவர் பாதி உதவியைத் தானே வேண்டாம் என்று சொல்கிறார்.

மெதுவான எண் வைத்திருப்பவருக்கு இந்த உதவி அதிகம் ஒட்டும். வேகமானவருக்கு எதிரியின் மேல் குறி கடந்து போகும் நேரமே குறைவு என்பதால் அது பிடிப்பதற்குள் வெளியேறிவிடுவார். வேகத்தை மிக ஏற்றியவர்கள் "எய்ம் அசிஸ்ட் வேலையே செய்யவில்லை" என்று புலம்புவதைக் கேட்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

எண்ணை மாற்றுவதற்கு முன்பு கன்ட்ரோலரையும் ஒரு முறை பாருங்கள். கையை எடுத்த பிறகும் பார்வை தானாக நகர்கிறது என்றால், ஸ்டிக்கின் உள்ளே தேய்மானம் தொடங்கிவிட்டது. பெரும்பாலான கன்ட்ரோலர்களில் உராய்ந்து அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர்தான் இருக்கிறது, தேயத்தான் செய்யும். காந்தத்தால் அளக்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்குகளில் அந்த உராய்வு இல்லை. தேய்ந்ததை மறைக்க டெட்சோனை, அதாவது ஸ்டிக்கின் நடுவே அசைவைக் கண்டுகொள்ளாத பகுதியை, கூட்டலாம், ஆனால் அந்த ஒரு சென்டிமீட்டரிலிருந்து இன்னொரு துண்டு பறிபோகும். எங்கள் பழைய கன்ட்ரோலரில் டெட்சோனைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் நான் 4-இல் ஆடியது நுண்மைக்காகவா, தேய்ந்த ஸ்டிக் நகர்வது தெரியாமல் இருக்கவா என்றே குழம்பிப்போனேன். ஸ்டிக்கின் மேல் மாட்டும் உயரமான தொப்பிகள் மலிவான மாற்று: அதே கோணத்துக்கு விரல் அதிக தூரம் நகரும், எண் வேகமாக இருந்தாலும் கட்டுப்பாடு கொஞ்சம் திரும்பி வரும்.

இந்தப் போட்டியையே தாண்டிச் செல்லும் மூன்றாவது வழி கைரோ. கன்ட்ரோலரையே சாய்த்துக் குறியைத் திருத்துவது. அது வேகத்தைத் தீர்மானிப்பதில்லை, மவுஸைப் போல இடத்தைத் தீர்மானிக்கிறது. குழாயை விட்டு அகப்பைக்குத் திரும்புவது. 2015-இல் வந்த ஸ்ப்ளட்டூன் அதை ஆட்டத்தின் இயல்பான பகுதியாக்கியது. 2022-இல் ஃபோர்ட்நைட்டும் விரிவான கைரோ வசதியைச் சேர்த்தது. ஆனால் எக்ஸ்பாக்ஸின் வழக்கமான கன்ட்ரோலரில் கைரோ கிடையாது. வசதி இருக்கும் ஆட்டத்தில் ஒரு மாதம் பொறுமையாகப் பழகுகிறவருக்கு ஸ்டிக்கின் வேகச் சண்டை பொருளற்றதாகிவிடும் என்பது என் எண்ணம். நான் ஒரு வாரத்தில் கைவிட்டேன். சோபாவில் சாய்ந்து படுத்து ஆடுகிறவனுக்கு அது ஒத்துவராது.

இப்போது நான் 6-இல் இருக்கிறேன், டைனமிக், குறி பார்க்கும் பெருக்கெண் 0.85. அவன் கால் ஆஃப் டியூட்டிக்கு மட்டும் 9-க்கு இறங்கி வந்திருக்கிறான், லீனியர், 0.75. ஏபெக்ஸில் பழைய வேகம்தான். இருந்தும் ஒவ்வொரு மாலையும் எண்ணை மாற்ற மறப்பதும், கத்துவதும் நிற்கவில்லை. போன வாரம் இரைச்சல் பொறுக்காமல் அக்கா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "ஏன் தம்பி, ஆளுக்கு ஒரு கணக்கு திறந்துகொண்டால் அவரவர் எண் அவரவரிடம் இருக்காதா?"

இருக்கும். அந்த வசதி பெட்டியைப் பிரித்த முதல் நாளிலிருந்தே அதில் இருக்கிறது.