பழைய போனை விற்கும் முன்: ஃபேக்டரி ரீசெட் போதுமா?

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழைய போன் விற்கப் போகும்போது, "டேட்டாவை முழுசா அழிச்சுத் தர்றோம்" என்று யாராவது தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். போனிலேயே உள்ள ஃபேக்டரி ரீசெட் அதை இலவசமாக, ஒழுங்காகச் செய்கிறது. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிறகான பதிப்போடு வந்த போன்களில் எல்லாமே என்க்ரிப்ட் ஆகியிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கும். ரீசெட் செய்தால் அதன் சாவி அழியும். மிச்சமிருப்பது வெறும் குப்பை.

சொதப்புவது வரிசையில்தான். முதலில் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்க வேண்டும். அதை விட்டுவிட்டு பவர், வால்யூம் பட்டன்களை அழுத்தி வரும் ரெக்கவரி மெனு வழியாக அழித்தால், ஆன் செய்ததும் பழைய ஜிமெயிலைக் கேட்டு நிற்கும். வாங்கியவர் மறுநாளே சண்டைக்கு வருவார். ஐபோனில், தொலைந்த போனைத் தேடித் தரும் ஃபைண்ட் மை (Find My) வசதியை அணைத்துவிட்டு அழிக்க வேண்டும்.

பெரிய ஓட்டை மெமரி கார்டு. பெரும்பாலான போன்களில் ரீசெட் அதைத் தொடாது. ஃபார்மேட் செய்தாலும் பல நேரம் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் போகும், படங்கள் அப்படியே கிடக்கும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளே மீட்டுவிடும். அந்தச் சின்ன அட்டைக்கு என்ன விலை வந்துவிடப் போகிறது? கழற்றி வீட்டிலேயே வையுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஃபார்மேட் செய்து, ஏதாவது சினிமாவைத் திரும்பத் திரும்பக் காப்பி செய்து இடம் தீரும்வரை நிரப்பி, மறுபடி ஃபார்மேட் செய்யுங்கள்.

ஆண்ட்ராய்டு 5 காலத்துப் போன்களுக்கு ரீசெட் மட்டும் போதாது. சார்ஜரில் செருகி, செக்யூரிட்டியில் என்க்ரிப்ட் போன் கொடுத்து, அது முடிந்த பிறகே ரீசெட். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். நடுவில் சார்ஜரைப் பிடுங்கக் கூடாது.