ஆர்ம்-நன்-ஈஏபிஐயா, ஆர்ம்-லினக்ஸ்-க்னூஈஏபிஐஹெச்எஃப்பா?

இவை இரண்டு கம்பைலர்களின் பெயர்கள்; அதாவது நாம் எழுதும் நிரலை இயந்திர மொழியாக்கும் மென்பொருள்கள். இரண்டுமே ஜிசிசி என்ற கம்பைலர்தான்; இரண்டுமே ஆர்ம் செயலிக்கான இயந்திர மொழியைத்தான் தருகின்றன. ஆனால் ஒன்றின் வெளியீடு மற்றதன் பலகையில் ஓடாது. காரணம் பெயரிலேயே இருக்கிறது.

முதல் பெயரில் உள்ள 'நன்', இயங்குதளம் எதுவும் இல்லை என்கிறது. எஸ்டிஎம்32 போன்ற கார்டெக்ஸ்-எம் நுண்கட்டுப்படுத்திகளுக்கு இதுவே வேண்டும். இதனுடன் பெரும்பாலும் நியூலிப் என்ற சிறிய சி நூலகம் வரும். எழுத்தை வெளியிடும் பிரின்ட்எஃப் செயற்கூற்றை எழுதினால் எழுத்து எங்கே போகும் என்று கேட்க அங்கே கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை; அந்த வழியை நாமே எழுதித் தர வேண்டும். நிரலின் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கருக்கு நினைவக வரைபடத்தைச் சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டும் நம் பொறுப்பு.

இரண்டாவது பெயர், லினக்ஸ் கெர்னலும் க்னூ சி நூலகமும் இருக்கும் என்று நம்பிக் கட்டுகிறது. 32 பிட் லினக்ஸ் ஓடும் ராஸ்பெரி பை, பீகிள்போன் போன்ற சிறு கணினிப் பலகைகள் இதன் இடம். கடைசி 'ஹெச்எஃப்' எழுத்துகளை அலட்சியம் செய்யாதீர்கள். தசம எண்களைச் செயலியின் மிதவைப்புள்ளிப் பதிவேடுகளிலேயே செயற்கூறுகளுக்கு அனுப்பு என்பது அதன் பொருள். 'ஹெச்எஃப்' இல்லாத நூலகத்தை இதனுடன் இணைத்தால் லிங்கர் மறுத்துவிடும்.

பெயர் சொல்லாததும் உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் தரும் இந்த இரண்டாவது கம்பைலர், இயல்பாக ஆர்ம் கட்டளைத் தொகுதியின் ஏழாம் பதிப்பான ஆர்ம்வி7க்குக் கட்டும். முதல் தலைமுறை ராஸ்பெரி பையோ அதற்கு முந்தைய ஆர்ம்வி6. பெயர் பொருந்தியும் நிரல் அங்கே 'சட்டவிரோதக் கட்டளை' என்று விழும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுதும் போனது.

விளக்கு மினுக்க வேண்டுமா, முதலாவது. கோப்பு திறக்க, இணையத்தோடு பேச வேண்டுமா, இரண்டாவது.