வேலிக்கருவைக் கரி: ஒரு மூட்டை எரித்துப் பார்த்த பின்

முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கரிமூட்டத்தில் சென்ற மாதம் 20 கிலோ வேலிக்கருவைக் கரியை 700 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டுக் கும்மட்டி அடுப்பிலும், தெருமுனையில் துணி தேய்க்கும் அண்ணாச்சியின் இஸ்திரிப் பெட்டியிலும் நான்கு வாரம் எரித்துப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

அரசு ஆவணங்கள் சீமைக் கருவேலம் என்றும் ஊர்க்காரர்கள் வேலிக்கருவை, வேலிகாத்தான் என்றும் சொல்லும் இந்த மரத்தைப் பற்றி நல்ல வார்த்தை கேட்பது அரிது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, விறகுக்கும் வேலிக்கும் ஆகுமென்று விதைக்கப்பட்டு, கண்மாய், தரிசு என்று பாராமல் பரவிய இதனை அகற்றும்படி 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட்டது. ஆயினும் மழை பொய்த்த ஆண்டுகளில் ராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரிக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கையில் காசு காட்டியது இந்த மரமே. வெட்டிய கட்டைகளை நெருக்கி அடுக்கி, இலைதழை பரப்பி, ஈரமண் பூசித் தீயிட்டு, நாட்கணக்கில் புகைய விடுகிறார்கள். பூச்சில் வெடிப்பு கண்டால் அப்போதே அடைக்காவிட்டால் உள்ளே இருப்பது கரியாகாமல் சாம்பலாகிவிடும் என்பதால் இரவிலும் ஒருவர் காவல் இருக்கிறார்.

நன்றாக வெந்த இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் ஓட்டுச் சில்லைப் போலக் கணீரென்கிறது. உடைத்த முகம் பளபளக்கிறது. பற்ற வைக்கக் கால் மணி நேரம் விசிற வேண்டியிருப்பது குறைதான். ஆனால் பிடித்துக்கொண்ட கனல், கொட்டாங்கச்சிக் கரி பொசுக்கென்று அடங்கும் நேரத்தைத் தாண்டியும் புகையின்றி நின்று எரிகிறது. ஒரே கனலில் சங்கரா மீன் ஐந்து சுட்டு, மீதிச் சூட்டில் கத்தரிக்காயும் சுட்டோம். அண்ணாச்சி பாராட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையும் சொன்னார்: "வேட்டி, சட்டைக்கு இதுதான் தம்பி. பட்டுச்சேலைக்குப் போடமாட்டேன், பொறி தெறிக்கும்." அடுப்பருகிலும் அது உண்மை என்பதற்கு என் லுங்கியில் இரண்டு ஓட்டைகள் சாட்சி.

மூட்டையின் அடியில் மண்ணும் தூளுமாக ஏறத்தாழ இரண்டு கிலோவும், அரைகுறையாக வெந்த கட்டைகள் மூன்றும் கிடந்தன. அவற்றில் ஒன்றை அடுப்பிலிட்ட அன்று வீடே கண்ணைக் கசக்கியது. தொலைபேசியில் கேட்டதற்கு, அடிமூட்டை அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது. 700 ரூபாய் வாங்குபவர் சொல்லக்கூடிய பதிலன்று அது.

வாங்க நினைப்பவர்கள் தூர்க்கட்டைக் கரியாகக் கேட்டு வாங்குவது நல்லது. கிளைக் கரியைவிட அது கெட்டியானது, கூடுதல் நேரம் நின்று எரிவது. அதோடு, கிளையை மட்டும் வெட்டினால் இந்த மரம் முன்னிலும் அடர்ந்து துளிர்க்கும். தூரைத் தோண்டி எடுத்தால்தான் அந்த இடம் நிலமாகத் திரும்பும். கண்மாய்க்குள் நிற்பவற்றை ஒழிக்க வேண்டும் என்போர் கேட்பதும் அதைத்தான். தோண்டும் கூலி சேர்வதால் விலை சற்றுக் கூடும். அடுத்த மூட்டையைத் தூர்க்கரியாகவே சொல்லியிருக்கிறேன், இம்முறை எடை போடும் முன் சலித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.