வங்கியின் வருவாயை எந்த எண்ணால் அளப்பது?

வங்கியின் வருவாய் என்று மூன்று எண்கள் புழங்குகின்றன. ஒன்று மொத்த வருமானம்: ஆண்டறிக்கையின் அட்டவணை 13-இல் உள்ள வட்டி வரவும் 14-இல் உள்ள இதர வருமானமும் சேர்ந்தது. இரண்டாவது, அதிலிருந்து அட்டவணை 15-இன் வட்டிச் செலவைக் கழித்த நிகர வருமானம். மூன்றாவது, நிகர வட்டியும் கட்டணங்களும் மட்டும்.

பங்குத் தகவல் தளங்கள் பலவற்றில் 'சேல்ஸ்' வரியில் இருப்பது கழிக்காத வட்டி வரவுதான். டெபாசிட் வட்டி வங்கிக்குக் கொள்முதல் விலை. அதைக் கழிக்காவிட்டால் என்ன ஆகும்? 1,00,000 கோடி கடன், 8% வட்டி. வரவு 8,000 கோடி. 90,000 கோடி டெபாசிட், 5% வட்டி. செலவு 4,500 கோடி. மிச்சம் 3,500 கோடி. கடனோ டெபாசிட்டோ ஒரு ரூபாய்கூடக் கூடாமல் இரண்டு வட்டியும் 1 புள்ளி ஏறினால் வரவு 9,000, செலவு 5,400, மிச்சம் 3,600. 'சேல்ஸ்' 12.5% வளர்ந்துவிட்டது, நிகர வட்டி 3 சதவீதம்கூட வளரவில்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ 4-இலிருந்து 6.5 சதவீதத்துக்குப் போனது. அந்தக் காலத்து வளர்ச்சி வீதங்களை மொத்த வருமானத்தில் பார்ப்பது வீண்.

ஆகவே நிகர வருமானமே சரி. அதையும் அப்படியே எடுத்துவிடக் கூடாது. ரெப்போவோடு இணைத்த கடனுக்கு வட்டி சீக்கிரம் மாறும், டெபாசிட்டுக்கு முதிர்வின்போதுதான் மாறும். அதனால் வட்டி ஏறும்போது மிச்சம் முதலில் கூடி, பிறகு சுருங்கும். 90 நாள் தாண்டி வாராக்கடனான கணக்கு திடீரென வசூலானால் பழைய வட்டி மொத்தமும் ஒரே காலாண்டில் வந்து விழும். முதலீட்டாளர் குறிப்பில் இது தனியாகச் சொல்லப்பட்டிருந்தால் கழித்துவிடுங்கள்.

இதர வருமானத்தில் கருவூல லாபம், அதாவது வங்கி வைத்திருக்கும் பத்திரங்களால் வரும் லாபம், உண்டு. ரிசர்வ் வங்கியின் புதிய முதலீட்டு விதிகள் 2024 ஏப்ரல் 1 முதல் அமலானதால், விற்பனைக்குரிய பத்திரங்களின் மதிப்பு ஏற்ற இறக்கம் லாப நட்டக் கணக்குக்கு வராமல் நேராகக் கையிருப்பு நிதிக்குப் போகிறது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள கருவூல எண்களை ஒப்பிட முடியாது. கருவூல லாபம் சேராத மூன்றாவது எண் இங்கே கைகொடுக்கும்.

பெரிய வங்கிகளை ஒப்பிடும்போது பலர் சறுக்குவது, துணை நிறுவனங்களையும் சேர்த்துப் போடும் ஒருங்கிணைந்த கணக்கில். எஸ்பிஐ, ஐசிஐசிஐ போன்றவற்றுக்கு ஆயுள் காப்பீட்டுத் துணை நிறுவனம் உண்டு. பிரீமியம் முழுவதும் இதர வருமானத்தில் ஏறும். ஆக்சிஸுக்கு அந்தக் காப்பீட்டு நிறுவனம் துணை நிறுவனம் அல்ல, பங்கு மட்டுமே உள்ள சக நிறுவனம். பிரீமியம் அங்கே வராது. எனவே வங்கியை மட்டும் காட்டும் தனிநிலைக் கணக்கையே எடுங்கள். எச்டிஎஃப்சி வங்கியோடு 2023 ஜூலை 1 அன்று வீட்டுக்கடன் நிறுவனமான எச்டிஎஃப்சி லிமிடெட் இணைந்ததால், அதற்கடுத்த நான்கு காலாண்டுகளின் ஆண்டுக்கு ஆண்டு வளர்ச்சியை ஒதுக்கிவிடலாம்.

நிகர வட்டியைச் சொத்தால் வகுத்து வரும் நிகர வட்டி விகிதத்தில், வகுக்கும் எண்ணைப் பாருங்கள்: மொத்தச் சொத்தா, வட்டி ஈட்டும் சொத்தா? எச்டிஎஃப்சி இரண்டையும் தருகிறது. மொத்தச் சொத்தால் வகுத்த விகிதம் எப்போதும் குறைவு.

வங்கியை என்பிஎஃப்சியோடு (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) ஒப்பிட்டால் கணக்கு முறையே வேறு. பெரிய என்பிஎஃப்சிகள் இந்த்-ஏஎஸ் என்ற புதிய இந்தியக் கணக்கியல் முறைப்படி, கடன் தரும்போது வாங்கும் செயலாக்கக் கட்டணத்தைக் கடன் காலம் முழுக்கப் பரப்பி வட்டியாகக் காட்டுகின்றன. வங்கிகள் பழைய முறையில் பெரும்பாலும் அதை அப்போதே கட்டண வருமானமாக எழுதுகின்றன. கடன் வேகமாக வளரும் ஆண்டில் வங்கியின் கட்டண எண் அதனாலேயே கொழுத்துத் தெரியும்.